பழைய என்ஜினும் புதிய கடனும்

‘மாலுமி’ என்று நாம் தமிழில் வழங்கும் சொல், ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். விண்மீன் பார்த்துத் திசை கூறி மரக்கலத்தை நடத்தியவரை அக்காலத்துக் கடலோடிகள் அப்பெயரால் அழைத்தனர். அச்சொல் நம் கரையில் இறங்கித் தமிழாகிவிட்டது. படகைத் திருப்பும் சுக்கானும் அரபு மொழியின் ‘ஸுக்கான்’தான். மத்ரஸாவில் பாடம் சொல்லும் நம்மையும், பாக் நீரிணையில் படகு செலுத்துவோரையும் ஒரே பெயர் தழுவி நிற்கிறது. ஏற்காட்டு மலைக்குச் சாலை செல்லும் அஸ்தம்பட்டியில், கடற்காற்று எட்டாத ஊரில் இருந்துகொண்டு படகு என்ஜினைப் பற்றி எழுத இவருக்கு என்ன உரிமை என்று கேட்கும் அன்பர்க்கு இந்தச் சொல்லுறவையே விடையாகத் தருகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் தங்கையை மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் குடும்பமொன்றில் மணம் முடித்துக் கொடுத்திருக்கிறோம். மச்சானுக்கு மரத்தால் ஆன விசைப்படகு ஒன்று. அதற்கு உயிராக இருந்தது ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின். லாரியில் ஓடும் என்ஜினையே கடலுக்கென மாற்றி அமைத்த வகை அது. ஒரு நாள் பின்னிரவில், கரை காணாத தூரத்தில், அந்த என்ஜின் சூடேறி வெண்புகை கக்கி நின்றுவிட்டது. படகில் அறுவர் இருந்தனர். கச்சான் காற்று படகைக் கிழக்கே தள்ளிற்று. அந்தக் கடலில் கிழக்கே ஒதுங்குவதன் பொருளை நேயர்கள் அறிவார்கள். 1974, 1976 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு அங்கே இருக்கிறது. அதைத் தாண்டிப் பிடிபட்ட படகுகள் பல, ஊர் திரும்பாமல் இலங்கைத் துறைகளில் கிடந்து மக்கியிருக்கின்றன. அல்லாஹ்வின் அருளால் பக்கத்தில் வலை விரித்திருந்த மற்றொரு படகு கயிறு கொடுத்து இழுத்து வந்தது.

கரையில் என்ஜினைத் திறந்து பார்த்தபோது, அடியில் இருந்த எண்ணெய் பால் விட்ட தேநீர்போல் மாறியிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்ததன் அடையாளம் அது. இந்த என்ஜினைப் பழுது பார்ப்பதா, தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதா என்ற கேள்வியோடு மச்சான் சேலம் வந்து சேர்ந்தார். கடற்கரைக் கேள்விக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் விடை தேடுவதில் வியப்பில்லை. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலுக்குப் பேர்போனவை. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பேர்போனது. டீசல் என்ஜினைப் பிரித்துக் கோக்கும் கைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம்.

கேள்வி வெறும் இரும்பைப் பற்றியதாகத் தோன்றும். அதன் உள்ளே உயிர், உடைமை, மார்க்கம் ஆகிய மூன்றும் பின்னிக் கிடந்தன.

மச்சானுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பழைய என்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பது. இரண்டாவது, புதிய என்ஜின் வாங்குவது. அதற்கு வேண்டிய பணத்தை மீன் வியாபாரி ஒருவர் முன்பணமாகத் தர இசைந்தார். வட்டி என்ற பேச்சே அவர் எடுக்கவில்லை. கடன் தீரும் வரை இறாலும் நண்டும் தமக்கே வர வேண்டும், சந்தை விலையைவிடக் கிலோவுக்கு இவ்வளவு குறைத்துத் தர வேண்டும் என்பது மட்டுமே அவர் நிபந்தனை. மூன்றாவது, உடைத்து விற்கும் லாரியின் பழைய என்ஜினைச் சேலத்தில் மலிவாக வாங்கிப் படகில் பொருத்துவது.

தங்கை மகன் இரண்டாவது வழியையே வற்புறுத்தினான். அவன்தான் இப்போது படகைச் செலுத்துபவன். “மாமா, ரிப்பேர் பண்ணின என்ஜினை நம்பி ஆறு பேரைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறவன் நான். இன்னொரு தரம் நின்னா இழுத்து வர ஆள் இருக்குமான்னு யார் சொல்ல முடியும்?” என்றான். இளைஞரின் பேச்சென்று ஒதுக்கத்தக்க சொல் இல்லை அது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் ‘அல் முஸ்தஸ்ஃபா’ என்னும் நூலில் ஷரீஅத் காக்க வந்தவற்றை ஐந்தாகப் பகுத்தார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், பொருள். பொருள் கடைசியில் நிற்கிறது. உயிர் அதற்கு வெகு முன்னே நிற்கிறது. ஆறு உயிர்களைப் பணயம் வைத்துச் சேமிக்கும் பணம் சிக்கனத்தில் சேராது.

ஆதலால் முதலில் அறிய வேண்டியது, பழுது பார்த்த பின் இந்த என்ஜின் நம்பத்தக்கதாக இருக்குமா என்பதே. இதற்கு ஆசையும் விடை சொல்லாது, அச்சமும் விடை சொல்லாது. அளவுகோல்தான் சொல்லும். என்ஜினை லாரியில் ஏற்றிச் சேலத்துப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுவந்தபோது, மேஸ்திரி முதலில் சொன்னதும் அதுவே: “அளவு பார்க்காம பேசி என்னங்க பாய் பிரயோஜனம்?”

அவர் பார்த்த முறையை நேயர்களுக்குச் சொல்வது பயன் தரும். கிணற்று மோட்டாரோ, டிராக்டரோ, லாரியோ வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897 ஆம் ஆண்டில் ஓட்டிக் காட்டிய என்ஜினின் தத்துவம் எளியது. சிலிண்டருக்குள் காற்றை இறுக்கி அழுத்தினால் அது கடுமையாகச் சூடேறும். அதில் எண்ணெயைத் தூவினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். எனவே அழுத்தமே அதன் உயிர். பிஸ்டன் வளையமும் லைனரும் தேய்ந்தால் அழுத்தம் கசியும். கசிந்தால் என்ஜின் கிளம்ப மறுக்கும், வலு இழக்கும், எண்ணெயைக் குடித்து நீலப்புகை விடும். ஆனால் வளையம், லைனர், பிஸ்டன், பேரிங் ஆகியவை மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. இவை தேய்ந்தன என்பதற்காக என்ஜினைக் கைவிடுவது, செருப்பின் வார் அறுந்ததற்காகச் செருப்பையே எறிவதற்கு ஒப்பாகும். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை நாம் அறிவோம்.

மாற்ற முடியாத உறுப்புகள் இரண்டு. ஒன்று, என்ஜினின் உடலாகிய பிளாக். அது வெடித்திருந்தாலோ, உடைந்த கனெக்டிங் ராடு அதைத் துளைத்து வெளியே வந்திருந்தாலோ பேச்சுக்கு இடமில்லை. மற்றொன்று, கிராங்க் என்னும் சுழல்தண்டு. தேய்ந்த கிராங்கைச் சாணை பிடித்து வட்டமாக்கலாம். ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர், பட்டறை மொழியில் பத்து ‘தௌ’, குறையும். குறைந்த அளவுக்கு ஏற்ற தடித்த பேரிங் கடையில் கிடைக்கும். கடைசி அளவைத் தாண்டிவிட்டால் அந்தத் தண்டின் ஆயுள் முடிந்தது. வேறு கிராங்க் வாங்கலாம் எனினும், அதன் விலையே பெரும்பாலும் வழக்கைத் தீர்த்துவிடும்.

மச்சானின் என்ஜினில் பிளாக் பழுதின்றி இருந்தது. கிராங்க் முன்பு ஒருமுறைதான் சாணை கண்டிருந்தது. இன்னும் ஒருமுறை பிடித்தால் போதும், அதற்கு மேலும் இடமிருக்கும் என்று மைக்ரோமீட்டர் சொல்லிற்று. சிலிண்டர் தலை வெப்பத்தில் கோணியிருந்தது. அதைச் சீவிச் சமன் செய்யலாம். இத்தனை கேட்டுக்கும் மூலம் என்னவென்று பார்த்தால், கடல்நீரை இறைக்கும் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம். அதன் இதழ்கள் கிழிந்து தண்ணீர் வரத்து நின்றது. என்ஜின் சூடேறித் தலை கோணிற்று. இடையில் உள்ள கேஸ்கட் எரிந்தது. தண்ணீர் எண்ணெயில் இறங்கிற்று. எண்ணெய் மசகு இழந்ததால் பேரிங் தேய்ந்தது. கையளவு ரப்பர்த் துண்டு ஆறு சிலிண்டர்களை வீழ்த்திவிட்டது. அதனோடு, உப்புநீர் பாயும் குளிர்விப்புக் குழாய்களும் அரித்திருந்தன. தான் கரைந்து பிற உலோகத்தைக் காப்பதற்கென்று வைக்கும் துத்தநாகக் கட்டை எப்போதோ கரைந்து தீர்ந்திருந்தது.

புதுப்பிக்கும் செலவு புதிய என்ஜின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு வந்தது. ஆயினும் பணக்கணக்கு மட்டும் போதாது. புதிய என்ஜின் வேறு வலுவுடையதாக இருந்தால் அதனோடு கியர் பாக்ஸ், தண்டு, விசிறி, என்ஜின் உட்காரும் கட்டை அனைத்தும் மாற வேண்டும். வலுவை ஏற்றிக்கொண்டே போகவும் வழியில்லை. 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் 2020 ஆம் ஆண்டில் வந்த விதிகள் 240 குதிரைத்திறனை எல்லையாக வைத்திருக்கின்றன. இன்னொன்று, படகின் வயது. மரம் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் தாங்கும் என்று தச்சர் கூறினார். ஐந்தாண்டுப் படகில் பதினைந்தாண்டு என்ஜினை ஏற்றுவது, இடியப் போகும் வீட்டுக்குத் தேக்குக் கதவு போடுவதைப் போன்றது.

லாரி என்ஜின் என்னும் மூன்றாவது வழியை நாம் விரைவில் விட்டுவிட்டோம். விலை மலிவுதான். ஆனால் அது எத்தனை ஆண்டு ஓடியது, உள்ளே என்ன தேய்ந்தது என்று திறக்காமல் தெரியாது. விற்பவரோ திறந்து காட்ட இசையார். நிலை தெரியாத பொருளின் வியாபாரத்தை ஃபிக்ஹு நூலோர் ‘கரர்’ என்று பெயரிட்டு விலக்கியதற்குக் காரணம் இத்தகைய சந்தைகளில் விளங்கும். மேலும், லாரியில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். புகைக்குழாய் வெளிக்காற்றில் ஆறும். படகின் மூடிய அறையில் அந்த வசதி இல்லை. கடல்நீரால் குளிர்விக்கும் ஏற்பாடும், நீர் சூழ்ந்த புகைவழியும் இல்லாமல் அதைப் பொருத்தினால் மரப்படகுக்குள் நெருப்பைக் கட்டி வைத்ததாகும்.

இனி, புதிய என்ஜினுக்கான அந்த முன்பணத்தைப் பார்ப்போம். கொடுத்த கடனால் கொடுத்தவர் நிபந்தனையிட்டு ஆதாயம் பெற்றால் அது வட்டியின் இனம் என்பதில் ஃபிக்ஹு அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆதாயம் ரூபாயாக வந்தால் என்ன, கிலோவுக்கு இவ்வளவு குறைத்த இறாலாக வந்தால் என்ன? வட்டி என்ற சொல்லை எழுதாமல் விட்டதனால் பொருள் மாறிவிடாது. முன்பணம் கொடுப்பவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆபத்தில் கைகொடுக்க அவரன்றி வேறொருவர் கரையில் இல்லாதிருப்பதுதான் குறை. அந்தக் குறை நம் சமுதாயத்தினுடையது.

இங்கே திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் வரலாறு நினைவுக்கு வருகிறது. மூஸா (அலை) அவர்கள், கிழ்ர் (அலை) அவர்களோடு மரக்கலம் ஒன்றில் ஏறுகிறார்கள். கிழ்ர் (அலை) அவர்கள் அதன் பலகை ஒன்றைப் பெயர்த்துப் பழுதாக்குகிறார்கள். மூஸா (அலை) அவர்கள் திடுக்கிடுகிறார்கள். பின்னர் விளக்கம் வருகிறது: அது கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் கலம், நல்ல கலங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அவர்களுக்கு அப்பால் இருந்தான், பழுதுள்ள கலம் அவன் கையில் சிக்காது. பிறகு அவர்கள் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டார்கள் என்ற விளக்கமும் புகாரியில் வருகிறது.

பழுதோடு நம் கையில் இருக்கும் உடைமை, பழுதில்லாமல் பிறர் கைக்குப் போய்விடும் உடைமையைவிட மேலானதாகும் நேரங்கள் உண்டு. அந்த அரசன் எப்போதும் முடி தரித்து வருவதில்லை. முன்பணச் சீட்டாகவும், தவணைப் புத்தகமாகவும் வருவான். புதிய என்ஜின் முழங்க மச்சான் கடலுக்குப் போயிருக்கலாம். ஆனால் பிடித்த மீனுக்கு விலை சொல்லும் உரிமை கரையில் இன்னொருவரிடம் இருந்திருக்கும்.

இது தனியொரு குடும்பத்தின் கதையன்று. 1953 இல் நார்வே நாட்டின் உதவியோடு கேரளத்து நீண்டகரைப் பகுதியில் விசைப்படகுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து நம் கரைகளில் இந்தக் கணக்கு நடந்து வருகிறது. பாய் கிழிந்தால் வீட்டுப் பெண்களும் சேர்ந்து தைத்தார்கள். என்ஜின் வந்ததும் வேகம் வந்தது, தூரம் வந்தது, கூடவே கடனும் வந்தது. 2017 ஜூலையில் பிரதமர் இராமேசுவரத்தில் தொடங்கிவைத்த ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். பாக் நீரிணையின் இழுவைப் படகுகளைக் கைவிட்டு, சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுகளுக்கு மாற வேண்டும் என்பது நோக்கம். மூன்றாண்டில் 2,000 படகுகள் என்பது இலக்கு. படகு ஒன்றுக்கு ரூ.80 லட்சம் என்று கணக்கிட்டனர். மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. அதாவது மானியம் ரூ.56 லட்சம் போக, மீனவர் கையிலிருந்து ரூ.8 லட்சமும் கடனாக ரூ.16 லட்சமும் வேண்டும். நோக்கம் நல்லதே, இழுவை வலை கடலின் அடியைச் சுரண்டுவதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் முன்வந்தோர் தொகை இலக்கின் அருகே வரவில்லை. பழகாத தொழிலும், அதைத் தொடங்குமுன்பே தோளில் ஏறும் கடனும் பலரைத் தயங்க வைத்தன. மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வி, ஓர் என்ஜினில் தொடங்கி ஒரு கடற்கரை முழுவதற்கும் நீளுகிறது.

எங்கள் குடும்பத்தில் முடிவு இப்படி ஆயிற்று. என்ஜினைப் புதுப்பிப்பது, தங்கை மகனின் அச்சத்துக்கு மதிப்பளித்து அவன் சொன்னவற்றையெல்லாம் நிபந்தனைகளாக ஏற்பது. கடல்நீர்ப் பம்பும் குளிர்விப்பானும் பழுது பார்க்கப்படாமல் புதிதாகவே வாங்கப்பட்டன. மாற்று ரப்பர்ச் சக்கரம் இரண்டு எப்போதும் படகில் இருக்கும். துத்தநாகக் கட்டையைக் குறித்த தவணையில் மாற்ற வேண்டும். வெப்பம் ஏறினால் மணியடிக்கும் கருவி பொருத்தப்பட்டது. முதல் ஓட்டம் கரையோரத்தில், இன்னொரு படகின் துணையோடு. இவ்வளவுக்கும் அவகாசம் தந்தது மீன்பிடித் தடைக்காலம். 2001 முதல் 45 நாளாக இருந்த அந்தத் தடை, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. அந்த நாட்களில் கரையேறிய படகுகளின் என்ஜின்கள் திறந்து கிடப்பதைத் துறைதோறும் காணலாம்.

பணத்துக்கு உறவினர் மூவர் அழகிய கடன் கொடுத்தனர். அது எழுதப்பட்டது, சாட்சியும் வைக்கப்பட்டது. உறவுக்குள் எழுத்து எதற்கு என்று மச்சான் தயங்கினார். திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்று நாம் சொன்னதும் கையெழுத்திட்டார். கடைசி நிபந்தனை ஒன்று உண்டு. ஒவ்வொரு நடையின் வருவாயிலும், டீசலும் பனிக்கட்டியும் ஆட்கள் பங்கும் போக மிஞ்சுவதில் ஒரு பகுதியை அடுத்த என்ஜினுக்கென ஒதுக்க வேண்டும். ஏனெனில் கிராங்கில் மீந்திருப்பது சில பத்து ‘தௌ’ மட்டுமே. புதியது வாங்கும் நாள் வந்தே தீரும். அன்று அது கையிருப்பில் வாங்கப்பட வேண்டும்.

பழுது பார்ப்பதே எப்போதும் புண்ணியம் என்று எவரும் கொள்ள வேண்டாம். பிளாக் வெடித்திருந்தால், கிராங்க் கடைசி அளவில் நின்றிருந்தால், உதிரி உறுப்புகள் கிடைக்காத என்ஜினாக இருந்திருந்தால், நாமே புதியதை வாங்கச் சொல்லியிருப்போம். கடன் கிடைக்காவிட்டால் நகையையோ படகில் பாதிப் பங்கையோ விற்கச் சொல்லியிருப்போம். ஒட்டுப் போட்ட என்ஜினோடு ஆட்களைக் கடலுக்கு அனுப்பும் கஞ்சத்தனமும் பாவமே. நல்ல பிளாக்கை இரும்புக்கடைக்கு எடைபோடும் வீண்விரயமும் பாவமே. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அளவுகோல்.

ஜமாஅத்துப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகு வைத்திருப்பவர் ஏழையாவாரா, அவருக்கு ஜகாத் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். கஹ்ஃபு அத்தியாயத்தின் அந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது. கலத்துக்கு உரியவர்களாக இருந்தும் திருமறை அவர்களை ‘மஸாகீன்’ என்று அழைத்தது. அதைச் சான்றாகக் கொண்டுதான் இமாம் ஷாஃபிஈ அவர்கள், மிஸ்கீன் என்பவர் ஓரளவு உடைமை உள்ளவராகவும் இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். தொழில் தெரிந்த வறியவருக்கு அவர் தொழிற்கருவி வாங்கும் அளவுக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று இமாம் நவவீ அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். கருவி வாங்கக் கொடுக்கலாம் என்றால், தகுதியுள்ள வறியவரின் கருவியைச் செப்பனிடவும் கொடுக்கலாம் என்றே நாம் கருதுகிறோம். ரமளானில் சேலையும் அரிசியும் பங்கிடும் ஊர்களில், ஆண்டுக்கு ஒரு தையல் இயந்திரமோ, ஒரு கிணற்று மோட்டாரோ, ஒரு படகு என்ஜினோ மீண்டும் ஓடும்படி செய்யும் நிதி ஒன்று இருக்குமானால், முன்பணச் சீட்டுக்குக் கைநீட்டும் குடும்பங்கள் குறையும். தகுதிக்கு மேல் உள்ளோர்க்கு அதே ஜமாஅத்து அழகிய கடன் வழங்கலாம். திரும்பி வரும் பணம் அடுத்த ஆண்டு வேறொரு வீட்டின் இயந்திரத்தை ஓட வைக்கும்.

கரையில் நிற்பவர்கள் இந்த அளவாவது செய்தால், கடலில் இருப்பவர்கள் கரையின் நினைவோடு சுக்கானைப் பிடிப்பார்கள். அல்லாஹு தஆலா, கடலில் உழைக்கும் நம் மக்களின் உயிரையும் உடைமையையும் ஈமானையும் காத்தருள்வானாக. ஆமீன்.